லேசர் ஏன் சில பிளாஸ்டிக்கில் பதிவதில்லை? ஒளியைப் பிடிக்கும் சேர்மானம் பற்றி ஓர் எளிய விளக்கம்

மதுரையில் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுவது ரொம்ப காலம் கையால் நடந்த வேலை. இப்போது அந்த இடத்துக்கு மேசை மேல் வைக்கிற ஃபைபர் லேசர் மெஷின் வந்துவிட்டது. குடத்தை அடியில் வைத்து, கம்ப்யூட்டரில் பேரை அடித்து, பெடலை மிதித்தால் முடிந்தது. பாத்திரத்தோடு நிற்காமல் அதே மெஷினில் பிளாஸ்டிக் வேலையும் எடுக்கிறார்கள்: பேனா, சுவிட்ச், பாட்டில் மூடி, சாவிக்கொத்து, டிபன் டப்பா. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு கறுப்புப் பேனாவில் பளிச்சென்று எழுத்து விழும். அதே செட்டிங்கில் ஒரு வெள்ளை மூடியை வைத்து ஓட்டினால் ஒன்றுமே விழாது. வேகத்தைக் குறைத்து, இன்னொரு தடவை ஓட்டினால், மங்கலாக ஓர் உருகல் தடம் தெரியும். மூடியைச் சாய்த்துப் பிடித்தால்தான் அதுவும் தெரியும்.

இதற்கு இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "பவர் பத்தல, அம்பது வாட் எடுத்தாத்தான் சரிவரும்." இன்னொன்று, "மெட்டீரியல் மட்டம்." பேர் வெட்டும் கடையிலும் கேட்கலாம், கப்பலூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் பிளாஸ்டிக் வார்க்கும் மோல்டிங் மெஷின் வைத்திருப்பவர்களிடமும் கேட்கலாம். முதல் தீர்ப்பை நம்பிப் பெரிய மெஷினுக்கு முன்பணம் கட்டுபவர்கள் உண்டு. இரண்டாவதை நம்பி நல்ல குருணையை, அதாவது பிளாஸ்டிக் வார்க்க வாங்கும் மூலப்பொருள் மணிகளை, திருப்பி அனுப்புபவர்களும் உண்டு. பெரும்பாலான நேரம் இரண்டுமே தப்பு. கைக்காசு போகிற விஷயம் என்பதால் இதை அடியிலிருந்து நிதானமாகப் பார்ப்பது நல்லது. இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை.

மை இல்லாத எழுத்து

லேசர் மார்க்கிங் என்றால் லேசர் ஒளியால் ஒரு பொருளின் மேற்பரப்பையே மாற்றி எழுத்தோ படமோ உண்டாக்குவது. மை கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. பிளாஸ்டிக்கில் நாம் பார்க்கும் கறுப்பு எழுத்து மெஷினிலிருந்து வந்து ஒட்டிய கறுப்பு இல்லை. அந்த இடத்துப் பிளாஸ்டிக்கே உருமாறி நிற்கிறது. அதனால்தான் தேய்த்தாலும், சோப்புப் போட்டாலும், வெயிலில் கிடந்தாலும் லேசில் போவதில்லை.

இது எங்கே உதவும் என்பதற்குத் தொழிற்பேட்டை வரை போக வேண்டாம். அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் எந்தத் தொழுவத்திலும் மாட்டின் காதில் மஞ்சள் வில்லை தொங்கும். அதில் 12 இலக்க எண்ணும் பார்கோடும் இருக்கும். மாடு வேலியில் உரசும், சேற்றில் புரளும், வருஷக் கணக்கில் வெயிலில் நிற்கும். மையால் அச்சடித்த எண் அதற்கெல்லாம் தாங்காது. பாலியூரிதேன் என்ற ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக்கில் வில்லையைச் செய்து, எண்ணை லேசரால் பதிப்பதுதான் இந்த மாதிரி வில்லைகளுக்கு வழக்கம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் இரண்டிலும் மை சரியாக ஒட்டாது. பாட்டில் மூடி, வாளி, குழாய், டப்பா எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். இவற்றில் அச்சடிக்க வேண்டுமானால் முதலில் மேற்பரப்பைத் தீ நாக்கால் ஒரு தடவு தடவ வேண்டும், இல்லையென்றால் மின்பொறியால் பதப்படுத்த வேண்டும். லேசருக்கு மாறினால் அந்தத் தொல்லை இல்லை என்றுதான் பலரும் வருகிறார்கள். வந்த பிறகு பார்த்தால், மை ஒட்டாத அதே பிளாஸ்டிக்தான் லேசருக்கும் பிடிகொடுக்காமல் நிற்கிறது.

பூதக்கண்ணாடியும் செய்தித்தாளும்

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துச் செய்தித்தாளைக் கருக்கும் விளையாட்டை விளையாடாத பிள்ளை இருக்க முடியாது. சித்திரை வெயிலில் ரொம்ப நேரம்கூட ஆகாது. அப்போது கவனித்திருப்பீர்கள்: ஒளிப்புள்ளி வெள்ளைத் தாளில் விழுந்தால் சீக்கிரம் பற்றாது. தலைப்பின் கனத்த கறுப்பு எழுத்து மேல் நகர்த்தினால் உடனே புகை வரும். வெயில் அதே வெயில், கண்ணாடி அதே கண்ணாடி, தாளும் அதே தாள். கறுப்பு மை ஒளியை விழுங்கிக்கொண்டது, வெள்ளைத் தாள் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த விழுங்குதலைத்தான் உட்கவர்தல் என்கிறோம். ஒளி ஒரு பொருளில் பட்டால் மூன்றில் ஒன்று நடக்கும்: திரும்பிப் போகும், ஊடுருவிப் போகும், இல்லையென்றால் உட்கவரப்பட்டு வெப்பமாக மாறும். மூன்றாவது நடந்தால்தான் வேலை ஆகும். முதல் இரண்டில் எவ்வளவு ஒளி கொட்டினாலும் பொருளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

பிளாஸ்டிக் விஷயமும் இதேதான். அந்தச் செய்தித்தாள் மையைக் கறுப்பாக்கும் கார்பன் பொடிதான் பிளாஸ்டிக்குக்கான சேர்மானங்களிலும் பழையது. அதற்குப் பிறகு வருவோம்.

அதே லேசர், நம் ஊர்க் கண் மருத்துவமனையில்

ஒளி எந்த வகை என்று குறிக்கும் அளவு அலைநீளம். அதை நானோமீட்டரில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரிவது சுமார் 400 முதல் 700 வரை. கடைகளில் இருக்கும் ஃபைபர் லேசர் மெஷின் 1064 நானோமீட்டரில் வேலை செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அது. மெஷினில் தெரியும் சிவப்புப் புள்ளி இடம் காட்டுவதற்காக வைத்த தனி விளக்கு.

பெரும்பாலான பிளாஸ்டிக்குகள், நிறம் எதுவும் சேர்க்காத நிலையில், இந்த 1064 ஒளியை உட்கவர்வதில்லை. காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். அலைநீளம் குறைந்த புற ஊதா ஒளி பிளாஸ்டிக் மூலக்கூறில் உள்ள எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும், அதனால் உட்கவரப்படும். அலைநீளம் மிகுந்த அகச்சிவப்பு, கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவே உள்ள பிணைப்பு போன்றவற்றை அதிரவைக்கும், அதுவும் உட்கவரப்படும். 1064 இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எலக்ட்ரானைக் கிளப்பப் பலம் போதாது, பிணைப்பின் அதிர்வோடும் ஒத்துப்போகாது. ஆகவே ஊடுருவியோ சிதறியோ போய்விடுகிறது.

இதற்கு நல்ல சாட்சி மதுரையிலேயே இருக்கிறது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதோடு சேர்ந்த ஆரோலேப் 1992 முதல் இங்கே கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் தயாரிக்கிறது. அந்த லென்ஸ்களில் ஒரு வகை பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். கண்புரை அறுவைக்குப் பிறகு சிலருக்கு லென்ஸின் பின்புறம் உள்ள மெல்லிய சவ்வு மங்கிவிடும். அப்போது ஊசி, கத்தி எதுவும் இல்லாமல் யாக் லேசர் வைத்து அந்தச் சவ்வில் துளை போடுவார்கள். யாக் லேசரின் அலைநீளமும் 1064தான். ஒளி கருவிழியைத் தாண்டுகிறது, பிளாஸ்டிக் லென்ஸைத் தாண்டுகிறது, பின்னால் குவியும் புள்ளியில் மட்டும் சவ்வைக் கிழிக்கிறது. லென்ஸ் அப்படியே இருக்கிறது. அந்த ஒளியைப் பிளாஸ்டிக் உட்கவரும் என்றால் இந்தச் சிகிச்சையே சாத்தியமில்லை.

கடையில் இருப்பதும் அதே அலைநீளம், வெள்ளை மூடியும் பிளாஸ்டிக். "ஆனால் மூடி கண்ணாடி மாதிரி தெளிவாக இல்லையே, வெள்ளையாகத்தானே இருக்கிறது?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வெள்ளை என்பது ஒளி சிதறுவதால் வரும் தோற்றம். உள்ளே போன ஒளி நாலாபக்கமும் சிதறி வெளியே வருகிறது, விழுங்கப்படுவதில்லை. பால் போல இருக்கும் இயற்கைக் குருணையும் சரி, வெள்ளைப் பொடி சேர்த்த மூடியும் சரி, 1064 ஒளிக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். எழுத்து விழ வெப்பம் வேண்டும், வெப்பம் வர உட்கவர்தல் வேண்டும். நிறமில்லாத, வெள்ளைப் பிளாஸ்டிக்குகளில் 1064 ஒளிக்கு அது நடப்பதில்லை. 20 வாட்டை 50 ஆக்கினால் ஊடுருவிப் போகிற ஒளிதான் கூடும்.

சேர்மானம் உள்ளே போய் என்ன செய்கிறது

பிளாஸ்டிக்குக்கு அந்த ஒளியைப் பிடிக்கும் சக்தி இல்லையென்றால், பிடிக்கக்கூடிய துகள்களை அதற்குள் தூவிவிடலாம். லேசர் சேர்மானம் என்பது அதுதான்: லேசரின் அலைநீளத்தை நன்றாக உட்கவரும் நுண்துகள், குருணையோடு கலந்து வார்க்கப்படுவது. துகளின் அளவு சில மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. அதைவிடச் சிறியவையும் உண்டு.

லேசர் துடிப்பு பட்டதும் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சும்மா இருக்க, துகள் மட்டும் திடீரென்று கொதிக்கிறது. அந்தச் சூடு பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்குக்குத் தாவுகிறது. துகளைச் சுற்றி ஒரு மெல்லிய உறை அளவு பிளாஸ்டிக் உருகும் வெப்பத்தை எல்லாம் தாண்டிச் சிதையும் வெப்பத்துக்குப் போய்விடுகிறது. பல்லாயிரம் துகள்களைச் சுற்றி இப்படி நடந்தால் அதுதான் நம் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிகிறது.

சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்களுக்குச் செய்யும் பச்சை லேசர் சிகிச்சையும் இதே முறைதான். 532 நானோமீட்டர் பச்சை ஒளி கண்ணின் தெளிவான பகுதிகளைத் தாண்டிப் போய், விழித்திரைக்கு அடியில் உள்ள மெலனின் என்ற கருநிறமியில் பிடிபடுகிறது. நிறமி சூடாகி, பக்கத்துத் திசுவை வேகவைக்கிறது. தெளிவான ஊடகம், அதற்குள் ஒளியைப் பிடிக்கும் துகள், துகளிலிருந்து அக்கம்பக்கத்துக்குச் சூடு. மூடியில் நாம் தூவுகிற சேர்மானம் செய்வதும் அச்சு அசல் இதுதான். பழைய மருத்துவ அறிவும் தொழிற்சாலை அறிவும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது.

சரி, சூடான பிளாஸ்டிக் என்னவாக மாறுகிறது? இங்கேதான் விஷயம் பிரிகிறது.

முதல் வழி, கரியாதல். மூலக்கூறு உடைந்து கார்பன் மிஞ்சினால் இடம் கறுக்கும். வெளிர் நிறப் பிளாஸ்டிக்கில் கறுப்பு எழுத்து இப்படி வருவது. பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்றவற்றில் கார்பன் அணுக்கள் வளையமாகக் கோத்த அமைப்பு இருக்கிறது. அந்த மாதிரிப் பிளாஸ்டிக்குகள் சூடேறினால் கரியாவதில் கெட்டி.

இரண்டாவது, நுரைத்தல். சிதையும் பிளாஸ்டிக்கிலிருந்து வாயு கிளம்பி, உருகிய பகுதிக்குள் நுண்குமிழ்களாக மாட்டிக்கொண்டு உறைந்துவிடும். குமிழ்கள் ஒளியைச் சிதறடிப்பதால் இடம் வெளுப்பாகத் தெரியும். விரலால் தடவினால் லேசாக மேடு தட்டுப்படும். கறுப்புப் பேனாவில், கறுப்பு சார்ஜரில் வெளிர் எழுத்து பல சமயம் இப்படி வருவதுதான். கறுப்புப் பொருளில் மேற்பரப்பில் உள்ள கார்பன் கறுப்பு எரிந்து போய் நிறம் வெளிறுவதும் நடக்கும்.

மூன்றாவது, சேர்மானமே நிறம் மாறுவது. சில சேர்மானங்கள் வெறும் அடுப்பாக மட்டும் இருப்பதில்லை, லேசர் பட்டதும் தாமே கறுத்துவிடும். இது ஏன் முக்கியம் என்றால், எல்லாப் பிளாஸ்டிக்கும் கரியாகச் சம்மதிக்காது. பிஎம்எம்ஏ அக்ரிலிக், பல்சக்கரம் செய்யும் அசிட்டால் ஆகிய இரண்டும் சூடானால் பெரும்பாலும் வாயுவாகப் பிரிந்து பறந்துவிடும். கரி மிஞ்சுவதே குறைவு. பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் முதலில் உருகத்தான் பார்க்கும். இந்த வகைகளில் சூடாக்குவது மட்டும் போதாது, தானும் கறுக்கிற சேர்மானம் கூடவே இருந்தால்தான் நல்ல கறுப்பு கிடைக்கும்.

ஆகவே இரண்டு கேள்விகள் எப்போதும் சேர்ந்தே வரும். ஒளி பிடிபடுகிறதா? பிடிபட்ட சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் என்னவாக மாறும்? சேர்மானம் விற்பவர்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போனால் வாங்குபவருக்குப் பாதி விஷயம்தான் கிடைத்திருக்கிறது.

என்னென்ன சேர்மானங்கள்

கார்பன் கறுப்பு மலிவு, எல்லா அலைநீளத்தையும் விழுங்கும். குறை ஒன்றுதான், பொருளையே நிறம் மாற்றிவிடும். 100 கிலோ குருணையில் 10 கிராம் சேர்த்தாலே வெள்ளை சாம்பலாகத் தெரியும். சாம்பல் சுவிட்சுக்கு அது பிரச்சினை இல்லை. பால் வெள்ளை மூடிக்கு ஆகாது.

அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, 1064 பக்கத்து ஒளியை மட்டும் பிடிக்கும் பொருளைத் தேடினார்கள். அப்படிக் கிடைத்ததில் முக்கியமானது ஆன்டிமனி கலந்த டின் ஆக்சைடு. செல்போன் தொடுதிரையில் கண்ணுக்குத் தெரியாதபடி பூசியிருக்கிற மின்கடத்தி ஆக்சைடுக்கு இது நெருங்கிய சொந்தம். வெளிர் சாம்பல், லேசான நீலம் அதன் நிறம். கொஞ்சமாகப் போட்டால் பொருளின் நிறம் அவ்வளவாகக் கெடாது. இதையே காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காவின் மெல்லிய தகடுகள் மேல் பூசியும் விற்கிறார்கள். தகடு வடிவம் என்பதால் குறைந்த பொருளில் நிறைய பரப்பு கிடைக்கிறது.

செம்பு ஹைட்ராக்சைடு பாஸ்பேட் இன்னொன்று. வெளிர்ப் பச்சைப் பொடி. ஒளியையும் பிடிக்கும், தானும் கறுக்கும். ஆன்டிமனி டிரை ஆக்சைடும் இந்த வேலைக்குப் பயன்படுகிறது. தீப்பிடிக்காமல் இருக்கச் சில மின்சாதனப் பிளாஸ்டிக்குகளில் இதை ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். மின்சாதன உறை ஒன்று லேசருக்கென்று எதுவும் போடாமலே நன்றாகப் பதிந்தால், இப்படி வேறு வேலைக்காக உள்ளே இருக்கும் பொருள் காரணமாக இருக்கக்கூடும்.

வெள்ளைப் பொடியான டைட்டானியம் டை ஆக்சைடு கதை தனி. 1064 ஒளிக்கு அது பயனில்லை. 355 நானோமீட்டர் புற ஊதா லேசரை வைத்தால், அதே பொடி ஒளியை அள்ளிப் பிடித்து, தன் ஆக்சிஜனில் கொஞ்சத்தை இழந்து, சாம்பல் கறுப்பாக மாறுகிறது. பிளாஸ்டிக் உருகக்கூட வேண்டியதில்லை. விமானத்தில் ஓடும் மின்கம்பிகளின் மெல்லிய உறையில் எண் பதிப்பது இந்த முறையில்தான். சூடான அச்சை அழுத்திப் பதித்தால் உறை காயப்படும் என்பதால் புற ஊதாவுக்கு மாறினார்கள்.

கண்ணுக்குக் கறுப்பு என்றால் லேசருக்கும் கறுப்பா?

"கறுப்பு எல்லாம் பதியும், வெள்ளைதான் பதியாது" என்று ஒரு விதி கடைகளில் உலவுகிறது. பல சமயம் சரியாக வரும். வராதபோது யாருக்கும் காரணம் புரிவதில்லை.

வீட்டில் இருக்கும் டிவி ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சில ரிமோட்டுகளின் முனையில் கருஞ்சிவப்போ கறுப்போ ஆன ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கும். டிவியின் கீழ் ஓரத்தில் சிக்னல் வாங்கும் இடத்திலும் அப்படி ஒன்று இருக்கும். கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியாது. செல்போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டை அதன் முன் நீட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் அந்தக் கறுப்பு ஜன்னலுக்குள்ளிருந்து ஊதா கலந்த வெள்ளையாக ஒரு விளக்கு மின்னுவது திரையில் தெரியும். ரிமோட் அனுப்புவது சுமார் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. கண்ணுக்கு இருட்டாக இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் அதற்குக் கண்ணாடி.

கறுப்பு நிறம் கார்பன் பொடியால் வந்திருந்தால் லேசர் பிடிபடும். சில கரிமச் சாயங்களால் வந்திருந்தால் அகச்சிவப்பு அப்படியே ஊடுருவிப் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு. சப்ளையரிடம் கேட்க வேண்டியது "என்ன நிறம்" என்றல்ல, "எதைப் போட்டு அந்த நிறம்" என்பதுதான்.

இதன் மறுபக்கமாக, மறுசுழற்சிக் குருணையில் வார்த்த அழுக்கு வெள்ளை டப்பாவில் லேசர் நன்றாக விழுந்து, சுத்தமான முதல்தரக் குருணையில் விழாமல் போவதும் உண்டு. பழைய பொருளில் கார்பனும் வேறு நிறமிகளும் கொஞ்சம் கலந்து வந்துவிடுகின்றன. யாரும் போடாத சேர்மானம் அது. முதல்தரக் குருணை மட்டம் என்ற தீர்ப்பு பல இடங்களில் பிறப்பது இப்படித்தான்.

எவ்வளவு போடுவது, எப்படிக் கலப்பது

பெரும்பாலான லேசர் சேர்மானங்கள் மொத்த எடையில் 0.1 முதல் 2 சதவீதத்துக்குள் போதும். அதிகம் போட்டால் அதிகக் கறுப்பு என்று நினைப்பது இயல்புதான், ஆனால் ஓர் அளவைத் தாண்டினால் எழுத்தின் ஓரம் பிசிறும், மேற்பரப்பு குழி விழும், பொருளின் நிறமும் மாறும். பணமும் வீண்.

பொடியை நேரே ஹாப்பரில், அதாவது மோல்டிங் மெஷினில் குருணை போடும் தொட்டியில், கொட்டக் கூடாது. பொடி கனமானது, நுண்ணியது. குருணைகளுக்கு நடுவே வழுக்கி அடியில் இறங்கிவிடும், சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதல் நூறு மூடியில் நிறைய, அடுத்த நூறில் ஒன்றுமில்லை என்று ஆகும். மோல்டிங் மெஷினின் ஸ்க்ரூ முக்கியமாக உருக்குவதற்காக அமைந்தது. பொடிக் கட்டிகளை உடைத்துப் பரப்பும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அதனால் சேர்மானத்தை மாஸ்டர்பேட்ச்சாக வாங்குவதே நல்லது. பிளாஸ்டிக்கோடு செறிவாக முன்பே கலந்து குருணையாக்கியது மாஸ்டர்பேட்ச்.

கணக்கு எளிது. 25 சதவீதச் சேர்மானம் உள்ள மாஸ்டர்பேட்ச் 2 கிலோ எடுத்து, 98 கிலோ குருணையோடு கலந்தால், மொத்தம் 100 கிலோவில் 500 கிராம் சேர்மானம் இருக்கும். அதாவது 0.5 சதவீதம். மாஸ்டர்பேட்ச்சுக்கு அடிப்படையாக எந்தப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்க மறந்துவிடாதீர்கள். பாலித்தீனில் செய்த மாஸ்டர்பேட்ச்சை ஏபிஎஸ்ஸில் போட்டால் இரண்டும் ஒட்டாமல் அடுக்கடுக்காக உரியும்.

துகள்கள் சீராகப் பரவியிருக்கிறதா என்பதை எழுத்தே காட்டிக்கொடுக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் வைத்துப் பாருங்கள். கட்டி கட்டியாக இருந்தால் சில இடம் கருகிப் பள்ளமாகவும், பக்கத்திலேயே சில இடம் வெறும் வெள்ளையாகவும் இருக்கும். நன்றாகப் பரவியிருந்தால் கோட்டின் ஓரம் கத்தியால் சீவியது மாதிரி தெரியும்.

அப்போ மெஷின் செட்டிங் எதற்கு?

சேர்மானம் சரியாக இருந்தால்தான் செட்டிங்குக்கு அர்த்தம் வரும். லேசர் ஒளி விடாமல் பாய்வதில்லை, துடிப்பு துடிப்பாக வருகிறது. ஒரு வினாடிக்கு எத்தனை துடிப்பு என்பது ஃபிரீக்வென்சி. 20 வாட் மெஷினை வினாடிக்கு 20,000 துடிப்பில் வைத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் 1 மில்லிஜூல் ஆற்றல். 80,000 துடிப்பில் வைத்தால் கால் மில்லிஜூல்தான். அதே வாட், ஆனால் ஒன்று ஓங்கி அடிக்கிறது, மற்றது மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கிறது. உலோகத்தைச் செதுக்க ஓங்கி அடிப்பது நல்லது. பிளாஸ்டிக்கில் அப்படி அடித்தால் கறுப்பாவதற்குப் பதில் பிய்ந்து பள்ளமாகிவிடலாம்.

வேகமும் இதோடு சேர்ந்தது. வினாடிக்கு 1,000 மில்லிமீட்டர் வேகத்தில் 20,000 துடிப்பு என்றால் துடிப்புக்குத் துடிப்பு 0.05 மில்லிமீட்டர் இடைவெளி. வேகத்தை இரட்டிப்பாக்கினால் 0.1. புள்ளியின் அகலம் 0.05 என்று வைத்துக்கொண்டால், முதலாவதில் புள்ளிகள் தொட்டுக்கொண்டு கோடாகும், இரண்டாவதில் தனித்தனியாகத் தெரியும். எழுத்து மங்கல் என்று வரும் புகார்களில் சிலவற்றுக்கு இந்தக் கணக்கே தீர்வு.

இரண்டு எச்சரிக்கைகள்

பிவிசியை லேசரில் வைக்காதீர்கள். சூடான பிவிசி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். ஈரம் பட்டால் அது அமிலம். நுரையீரலையும் அரிக்கும், மெஷினின் லென்ஸையும் இரும்புப் பாகங்களையும் அரிக்கும். மற்றப் பிளாஸ்டிக்குகளுக்கும் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாய் கட்டாயம் வேண்டும். ஓரத்தில் ஒரு மேசை விசிறி வைப்பது புகையைப் பக்கத்து ஆள் முகத்தில் அடிப்பதற்குத்தான் உதவும்.

இரண்டாவது, கண். கருவிழியும் கண் லென்ஸும் 1064 ஒளியைத் தாராளமாக உள்ளே விடும் என்று பார்த்தோம். மருத்துவர் கையில் வரமாக இருக்கும் அந்தக் குணம் கடையில் ஆபத்து. பளபளக்கும் பரப்பில் பட்டுத் தெறிக்கும் கதிர் கண்ணுக்குள் போனால், கண்ணின் லென்ஸே அதை விழித்திரையில் குவித்துக் கொடுக்கும். ஒளி தெரியாததால் கண் சிமிட்டக்கூடத் தோன்றாது. விழித்திரையில் விழுந்த புண் ஆறினாலும் போன பார்வை திரும்பாமல் போகலாம். 1064 என்று குறித்த பாதுகாப்புக் கண்ணாடியோ, மெஷினைச் சுற்றி மூடிய பெட்டியோ இல்லாமல், வாடிக்கையாளர்களும் குழந்தைகளும் குனிந்து வேடிக்கை பார்க்க மெஷினை ஓட்டும் கடைகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. சாதாரணக் கூலிங்கிளாஸ் இதற்கு ஆகவே ஆகாது. ரிமோட் ஜன்னலை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது சேர்மானம் வேண்டாம்

பொருளை நீங்களே வார்க்கவில்லை, தயாராக வாங்கி வந்து பேர் போட்டுக் கொடுக்கிறீர்கள் என்றால் சேர்மானம் உங்கள் கையில் இல்லை. அப்போது பதியக்கூடிய பொருளாகத் தேர்ந்து வாங்குவதுதான் வழி: கார்பன் கறுப்புப் போட்ட ஏபிஎஸ் பேனா, சாம்பல் பாலிகார்பனேட் சாவிக்கொத்து. இல்லையென்றால் வெள்ளைப் பொருள்களுக்கு 355 நானோமீட்டர் புற ஊதா மெஷின் இருக்கும் இடத்தில் ஜாப் ஒர்க்காகக் கொடுக்கலாம். அந்த மெஷின் விலை கூடுதல், பெரும்பாலும் வேகமும் கம்மி. சில ஆயிரம் மூடிகளுக்கு மட்டும் என்றால் மாஸ்டர்பேட்ச்சுக்காக டையை (வார்ப்பு அச்சை) நிறுத்திக் குருணை மாற்றுவதைவிட அது மிச்சம்.

சொந்தமாக வார்ப்பவர்களுக்கு நிலைமை வேறு. லட்சக்கணக்கில் மூடியோ குழாயோ போகிறது என்றால் சேர்மானச் செலவு பெரிய மெஷின் செலவைவிட எவ்வளவோ குறைவாக வரலாம். முடிவெடுக்கும் முன் சப்ளையரிடம் சேர்மானம் 0.25, 0.5, 1 சதவீதம் சேர்த்த மாதிரித் தகடுகளைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் குருணையிலேயே வார்த்ததாக. உணவு டப்பா என்றால் உணவு தொடும் பொருளுக்கு அனுமதி பெற்ற வகையா என்று எழுத்துப்பூர்வமாகவும் கேளுங்கள். குருணை என்ன வகை என்பதிலேயே சந்தேகம் என்றால் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென்றே உள்ள சிப்பெட் மையம் மதுரையில் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

தகடு வந்ததும் ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கட்டங்களாக ஓட்டுங்கள். இடமிருந்து வலமாக வேகம் கூடட்டும், மேலிருந்து கீழாக ஃபிரீக்வென்சி கூடட்டும். எல்லாக் கட்டத்துக்கும் அடியில் அதன் எண்களையும் பதித்துவிடுங்கள். பிறகு ஒரு துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி அழுத்தித் தேய்த்து, எது நிற்கிறது என்று பாருங்கள். பார்கோடு பதிப்பதாக இருந்தால் கண்ணை நம்பாமல் ஸ்கேனரில் காட்டிப் பாருங்கள். கடை ஸ்கேனர்கள் பலவும் சிவப்பு ஒளியில் படிப்பவை. மஞ்சள் மேல் கறுப்பை உடனே படித்துவிடும், நீலத்தின் மேலோ பச்சையின் மேலோ இருக்கும் அதே கறுப்பில் திணறும். இந்தச் சோதனையில் தேறுகிறவற்றில் எதில் சேர்மானம் ஆகக் குறைவோ, அந்தத் தகட்டின் சதவீதத்தையே மாஸ்டர்பேட்ச் ஆர்டரில் எழுதுங்கள்.